யாருடைய பயம் செல்லும்?

பர்கூர் ஜவுளிக் கடைத்தெருவில் முகூர்த்தக் கூட்டம் அடங்கிய ஒரு மாலை. புடவை மூட்டைகளை இறக்கிவிட்டுச் சரக்கு ஆட்டோவை ஓரமாக நிறுத்திய அந்தத் தம்பியும், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவுப் பணிக்குப் போய்வரும் அவர் மனைவியும் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். சாதி மறுத்து மணம் செய்துகொண்டவர்கள். பெண்ணின் அண்ணன் மூன்றாவது முறையாக ஆள் அனுப்பியிருந்தான்.

"அக்கா, துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க என்ன பண்ணணும்?" என்று தம்பி கேட்டார். பெங்களூரில் கொஞ்ச காலம் நகைக்கடை வேன் ஓட்டியவர் அவர். கூட வந்த காவலாளியின் இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கி அவர் மனதில் தங்கிவிட்டது. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு போட்டாப் போதும்ல? ரேஷன் கார்டு மாதிரி?"

அதுவரை பேசாமல் இருந்த பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, அது யார் பேர்ல இருக்கும்?"

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவந்தது. அன்று மாலை எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். இந்திய ஆயுதச் சட்டத்தில் இணையருக்கான உரிமம் என்று ஒன்று கிடையாது. உரிமம் ஒரு ஆளின் பெயரில்தான் வரும். கணவர் பெயரில் இருக்கும் துப்பாக்கியை எடுத்து மனைவி தன்னைக் காத்துக்கொண்டால், உரிமம் இல்லாத ஆயுதத்தை வைத்திருந்ததற்காக அவள் மீது வழக்குப் பாயலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உரிமம் வைத்திருப்பவரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியோடோ இன்னொருவர் அந்த ஆயுதத்தைத் தூக்கிச் செல்லலாம். எதற்காக? பழுது பார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, அல்லது உரிமம் வைத்திருப்பவர் பயன்படுத்திக்கொள்ள.

அதாவது மனைவி துப்பாக்கியைச் சுமக்கலாம், சுடுவது அவர். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதைப் போல.

ஆயுத உரிமத்தின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். படிக்கப் படிக்க, அது துப்பாக்கிகளைப் பற்றி அதிகம் பேசவில்லை என்று தோன்றியது. எந்தக் காலத்தில் யாருடைய பயத்தை அரசு நம்பியது, யாருடைய பயத்தைக் குடும்பத் தகராறு என்று திருப்பி அனுப்பியது என்ற கணக்குத்தான் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

கோட்டைகளின் ஊரில்

எங்கள் ஊரைச் சுற்றிலும் கோட்டைகள். கிருஷ்ணகிரி மலையில் ஒன்று, பக்கத்து ஜெகதேவியில் ஒன்று. பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்பதால்தான் பாராமகால் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். பிற்பாடு ரயத்வாரி என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இங்கேதான் விதை விழுந்தது. நிலத்துக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு பெயர், அந்தப் பெயரில் ஒரு பட்டா. அந்தப் பெயர் பெரும்பாலும் ஓர் ஆணுடையது. அரசின் கண்ணில் யார் ஆள் என்பதைப் பட்டா முடிவு செய்தது. பின்னாளில் துப்பாக்கி உரிமமும் அதே தடத்தில் நடந்தது.

தெற்கே பாளையக்காரர்களின் போர்களை அடக்கிய பிறகு, 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஊர்க்காவல் முதல் திருவிழா வரை ஆயுதத்தோடு வாழ்ந்த சமூகங்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 1857க்குப் பிறகு இந்தப் போக்கு நாடு முழுவதற்கும் வந்தது. அதன் உச்சம்தான் லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தியர் யாராக இருந்தாலும் உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு வேண்டாம். ராஜாக்கள், ஜமீன்தார்கள், பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கும் விலக்கு இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1883இல், இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் முன்னால் நிறுத்தியது வெள்ளைப் பெண்களின் பாதுகாப்பை. அந்தக் காலத்தில் யாருடைய பயம் செல்லுபடியானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தேசிய இயக்கம் இந்தச் சட்டத்தை அவமானமாக உணர்ந்தது சரியே. ஆனால் அந்த அவமானத்தை எந்தச் சொல்லால் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயுதத்தைப் பறித்து எங்கள் ஆண்மையைப் பறித்துவிட்டார்கள் என்பதே காங்கிரஸ் மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்த குறை. 1918இல் படைக்கு ஆள் திரட்டியபோது எழுதிய துண்டறிக்கையில் காந்தியே, ஒரு நாட்டையே ஆயுதமற்றதாக்கிய சட்டத்தை ஆங்கில ஆட்சியின் ஆகக் கறுத்த செயல் என்றார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

அதே 1931 டிசம்பரில், கோமில்லாவில் சாந்தி கோஷ், சுனிதி சௌத்ரி என்ற இரண்டு பள்ளி மாணவிகள் மாவட்ட மாஜிஸ்திரேட்டைச் சுட்டார்கள். இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் ஆளுநரை நோக்கிச் சுட்டார். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் திரண்ட ஜான்சி ராணிப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். நாட்டுக்காக ஏந்திய இந்தத் துப்பாக்கிகளைப் பாடப் புத்தகம் கொண்டாடுகிறது. தனக்காக, தன் உயிருக்காக ஒரு பெண் ஆயுதம் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பதில் இல்லை.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அந்த உரிமை போய்ச் சேரும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. திருத்தம் தோற்றது. ஆகவே இந்தியாவில் துப்பாக்கி ஓர் உரிமை ஆகாமல், அரசு பார்த்துக் கொடுக்கும் அனுமதியாகவே நின்றது. அனுமதி என்றால் கேட்பவர் ஒருவர், நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் இன்னொருவர்.

பட்டாவும் துப்பாக்கியும்

1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய ஆயுதச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. 14ஆம் பிரிவில் இருக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இப்படி ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது என்றால், அதுவரை சொத்தைப் பார்த்துத்தான் கொடுத்துவந்தார்கள் என்று பொருள்.

வரி மாறியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. காட்டுப்பன்றி கடலைக் காட்டை உழுதுவிட்டுப் போகும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிக்கு இது எவ்வளவு தேவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அழைப்பு விடுப்பதும் தெரியும். ஆனால் பயிருக்கான உரிமத்தைக் கேட்க நிலம் இருக்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களைத் தம் பெயரில் நடத்தும் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். களை எடுப்பது, பன்றி விரட்ட இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவது என்று பெண்களும் காட்டைக் காக்கிறார்கள். காவலுக்கான ஆயுதத்தில் அவர்கள் பெயர் இல்லை.

எல்லை தாண்டினால் கர்நாடகம். அங்கே குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து ஆங்கிலேயர் காலம் தொட்டு விலக்கு இருக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. இனமும் நிலமும்தான் அங்கே தகுதி. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்து ஊருக்கு அறிவிப்பது அவர்களின் பழைய வழக்கம். கைல்போத் பண்டிகையில் இன்று கொடவப் பெண்களும் குறி பார்த்துச் சுடுகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த விலக்கின் வேர் பூர்விக நிலத்திலும் வம்சத்திலும் இருக்கிறது.

எண்களையும் பார்ப்போம். உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 இறுதியில் இந்தியாவில் ஏறத்தாழ 33.7 லட்சம் ஆயுத உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். கர்நாடகத்தில் 1,13,631. தமிழ்நாட்டில் 22,532. மக்கள்தொகையில் நம்மைவிடச் சிறிய கர்நாடகத்தில் ஐந்து மடங்கு. துப்பாக்கி குறைவு என்பதால் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பெண்ணையும் அவள் தேர்ந்தெடுத்தவனையும் கொல்ல அரிவாளும் கயிறும் ஆறும் போதுமானதாக இருந்திருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை கூடினால் பெண்களின் நிலை மேம்படும் என்பதற்கும் உத்தரப் பிரதேசம் சாட்சியாக இல்லை.

துப்பாக்கி உரிமத்தை ஆண்மையின் அடையாளமாகவே அரசு பார்த்த ஒரு வேடிக்கையும் நடந்தது. 2008இல் மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்ட நிர்வாகம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமம் விரைவாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. ஆண்மை போய்விடும் என்று அஞ்சும் ஆணுக்கு ஈடாக ஒரு துப்பாக்கி. இந்தியாவில் கருத்தடை அறுவையின் சுமையை ஏறக்குறைய முழுக்கச் சுமந்துவரும் பெண்களுக்கு அப்படி எதையும் யாரும் நீட்டியதில்லை.

1992: மூன்று செய்திகள்

பர்கூரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 1991இல். அந்த ஆண்டு இந்தத் தொகுதியில் வென்றுதான் ஜெயலலிதா முதல்முறை முதலமைச்சரானார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போட்ட கையோடு, நம்ம தொகுதி அம்மா என்று உரிமையாகப் பேசிய காலம் அது.

அடுத்த ஆண்டு, 1992இல், மூன்று செய்திகள். சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பிறந்த பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடுங்கள் என்று ஓர் அரசு கேட்க வேண்டியிருந்த காலம். மூன்றாவது செய்தி ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் நடந்தது.

அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. வாச்சாத்தியும் பர்கூரும் ஒரே தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்தன. சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றில் டீசல் ஊற்றப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.

பெண்களுக்கென்று தனிக் காவல் நிலையம் திறந்த அதே ஆண்டில், அதே அரசின் சீருடைக்காரர்கள். இந்த மூன்று செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் தற்காப்பு என்ற சொல்லை என்னால் எழுத முடியவில்லை. தனிமனிதர் கையில் ஆயுதம் வேண்டாம், அரசு பார்த்துக்கொள்ளும் என்பது நல்ல வாதம். நானும் பெரும்பாலும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் வாச்சாத்திப் பெண்களிடம் அந்த வாதத்தை எந்த முகத்தோடு சொல்வது? அவர்களுடைய பயத்தை நம்ப அரசுக்கு 19 ஆண்டுகள் ஆயின.

யாரும் வாசிக்காத ஒரு விதி

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்கான விதிகள் 1995 மார்ச் 31 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றில் 3ஆம் விதியை நம் சிந்தனையாளர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம் என்கிறது அது. அடுத்ததாக, தேவை என்று அரசு கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது.

இந்த விதி வெறுங்காற்றிலிருந்து வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்குள் வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது, உயிர் எந்தப் பக்கம் போனது என்ற அனுபவத்திலிருந்துதான் அந்த 3ஆம் விதியைப் படிக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் இருநூறு ஆண்டுக் கதையில், ஒடுக்கப்பட்டவரின் பயமும் செல்லும் என்று அரசு தன் கையால் எழுதிய அரிய இடம் அது. ஆனால் "தேவை என்று கருதினால்" என்ற கதவுக்குப் பின்னால் அது முடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதவு இருந்தது. 1956 ஜனவரி 30 இரவு, மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. கிங் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது மனைவி கொரெட்டாவும் மூன்று மாதம்கூட நிரம்பாத பெண் குழந்தையும். அதன்பின் கிங் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். பின்னாளில் அகிம்சையின் முகமாகப் போற்றப்பட்ட மனிதர் அப்படி விண்ணப்பித்தார் என்பதைவிட, குண்டு விழுந்த வீட்டுக்காரரின் பயத்தையே அதிகாரி நம்பவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. வெடிச் சத்தத்தைக் கேட்டது கொரெட்டா. விண்ணப்பம் கிங்கின் பெயரில்.

நகைப்பெட்டியில் ஒரு ரிவால்வர்

2012 டில்லி வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக். அரைக் கிலோ எடை, .32 அளவு, விலை 1,22,360 ரூபாய். அழகான நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 167 ரூபாய். ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும், ஆண்டுக்கு நூறு நாள் வேலை தவறாமல் கிடைத்தாலும், ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். டில்லியில் பேருந்துக்குக் காத்திருந்த பெண்ணின் பெயரால் செய்த ஆயுதம், பேருந்தில் போகும் பெண்கள் வாங்க முடியாத விலையில்.

விலையைவிடப் பெரிய சிக்கல், அந்த ரிவால்வர் யாரை நோக்கி நீளும் என்று எதிர்பார்க்கப்பட்டது என்பது. இருட்டில் வரும் அந்நியனை நோக்கி. ஆனால் வழக்குப் பதிவான பாலியல் வன்கொடுமைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணங்கள் ஆண்டுதோறும் சொல்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். ஆபத்து படுக்கையறையில் இருக்கும்போது அலமாரியில் பூட்டிய துப்பாக்கியின் சாவி யாரிடம் இருக்கும்?

2012இல் மதுரையில் ஒரு பெண், மகளிடம் பாலியல் வன்முறைக்கு முனைந்த கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்துபோனான். தற்காப்பு உரிமையைச் சொல்லும் அன்றைய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் காட்டிக் காவல்துறையே அவரை விடுவித்தது. அந்தப் பெண்ணுக்கு உதவியது கைக்குக் கிடைத்த மட்டை. அதைவிட, அவர் சொன்னதை நம்பிய ஒரு காவல் அதிகாரி.

சேர்ந்து வாழ்வதற்கான உரிமம்

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர்களுடைய பயம் கற்பனை இல்லை. 2018 நவம்பரில் ஓசூர் அருகே சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த ஒரு சாதிமறுப்பு இணையரின் உடல்கள், கைகால் கட்டப்பட்ட நிலையில், கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. 2023 மார்ச்சில் கிருஷ்ணகிரி அணை அருகே பட்டப்பகலில் நடுச்சாலையில் ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் மனைவியின் தந்தை. அடுத்த மாதமே ஊத்தங்கரைப் பக்கம், தலித் பெண்ணை மணந்த மகனையும், அவனுக்கு ஆதரவாக நின்ற தன் சொந்தத் தாயையும் ஒருவன் வெட்டிக் கொன்றான். மருமகள் படுகாயத்தோடு பிழைத்தார். பர்கூரிலிருந்து இவை எதுவும் தொலைவில்லை.

இந்தக் கொலைகளில் ஒன்றிலும் துப்பாக்கி இல்லை. இறந்தவர்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டார். தூங்கும்போது, பேசலாம் வா என்று அப்பா அழைக்கும்போது, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் ஆள் சித்தப்பாவாக இருக்கும்போது, இடுப்பிலிருக்கும் ஆயுதத்தை எந்த நொடியில் எடுப்பது? பெற்ற தகப்பனைச் சுட எந்தப் பெண்ணின் விரல் முந்திக்கொள்ளும்? ஆணவக் கொலை, பாசத்தின் வழியாக வருகிறது. அதற்குக் கதவைத் திறந்துவிடுவதும் அந்தப் பாசம்தான்.

2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், சாதிமறுப்பு இணையரைக் காக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று ஆணையிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவரின் கொலை தொடர்பான வழக்கு அது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதைப் பற்றியும், கடமை தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுப்பதைப் பற்றியும் பேசியது. காகிதத்தில் இவையே உண்மையான தற்காப்பு. இரவு பதினோரு மணிக்கு எடுக்கப்படும் ஒரு தொலைபேசி, பூட்டக்கூடிய ஓர் அறை, ஊர்ப் பஞ்சாயத்து பேசச் சொல்லித் திருப்பி அனுப்பாத ஒரு காவல் நிலையம்.

இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரிக்கா. ஆனா நான் எழுதிப் போடறேன். என் பேர்ல" என்றாள்.

எழுதினோம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி விண்ணப்பம், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கு உண்மையான ஆபத்து இருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. எதற்காக ஆயுதம் என்ற கேள்விக்கு எதிரே, தன் பிறந்த வீட்டாரால் தனக்கும் தன் கணவருக்கும் உயிராபத்து இருப்பதாக அவள் எழுதினாள். அண்ணன் ஆள் அனுப்பிய மூன்று தேதிகளையும் எழுதினாள். அதற்கு முன் வேறெந்த அரசுக் காகிதத்திலும் அந்தத் தேதிகள் ஏறியிருக்கவில்லை. வாய்மொழியாகப் போய்ச் சொன்ன இடத்தில் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர் முதலில் கேட்டது, "உங்க வீட்டுக்காரருக்குத்தானேம்மா?" என்பதை. "இல்ல சார், எனக்கு" என்றாள்.

உரிமம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவுமில்லை, எனக்கு உள்ளூர அதில் நிம்மதிகூட. ஆனால் 14ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் தர வேண்டும், பொதுநலனுக்குக் கேடு என்று கருதினால் மட்டும் தராமல் இருக்கலாம். 18ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு. நான் இதைச் சொன்ன அன்றே அவள் ஒரு முழுத்தாள் வாங்கிவந்து, காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டு மனு எழுதினாள். அதன் நகலை இணைத்துச் சிறப்புப் பிரிவுக்கு இன்னொரு மனு, பாதுகாப்புக் கேட்டு. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதுகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே அவற்றையும் வைத்திருந்தாள்.

இருநூறு ஆண்டுகளாகப் பட்டாவையும் பட்டத்தையும் வம்சத்தையும் பார்த்து யாருடைய பயம் செல்லும் என்று தீர்மானித்துவந்த அலுவலகங்களில், இப்போது அவளுடைய பயமும் ஒரு கோப்பு எண்ணோடு இருக்கிறது. நாளை ஏதாவது நடந்தால், எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரவுப் பணிக்குப் போகும் பேருந்தில் ஏறும்போது அவள் கைப்பையில் இருப்பது அந்த உறைதான்.